வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வருமா? அமெரிக்கப் பாலைவனப் பள்ளத்தாக்குகளில் ரோடு டிரிப்... கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை!

1997 ஆகஸ்ட் 12. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள லோயர் ஆன்டலோப் கேன்யனுக்குள் ஒரு சுற்றுலாக் குழு இருந்தது. இரண்டு பக்கமும் அலை அலையாக வளைந்த செந்நிறப் பாறைச் சுவர்கள். சில இடங்களில் கையை நீட்டினால் இரு பக்கச் சுவரையும் தொட்டுவிடலாம். அந்த இடத்தில் சொல்லிக்கொள்ளும்படி மழை இல்லை. ஆனால், பல கி.மீ. தொலைவில் மேட்டுப்பகுதியில் இடியுடன் கொட்டிய மழை, காய்ந்து கிடந்த ஓடை வழியாகத் திரண்டு வந்து அந்தக் குறுகிய பிளவுக்குள் பாய்ந்தது. 11 சுற்றுலாப் பயணிகள் உயிரிழந்தனர். வழிகாட்டி ஒருவர் மட்டுமே பிழைத்தார்.

இன்று இன்ஸ்டாகிராம் ரீல்ஸில் சூரிய ஒளிக்கற்றை விழும் அழகான குகை மாதிரி நீங்கள் பார்ப்பது இந்த ஆன்டலோப் கேன்யனைத்தான். லாஸ் வேகாஸில் கார் எடுத்து, பாலைவனப் பள்ளத்தாக்குகளையும் தேசியப் பூங்காக்களையும் சுற்றி வருவது உலகின் பிரபலமான ரோடு டிரிப்களில் ஒன்று. அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போகும் நம்மூர் அப்பா, அம்மாக்களின் பயணத் திட்டத்திலும் கிராண்ட் கேன்யன் கண்டிப்பாக இருக்கும்.

இந்தப் பயணத்தில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று கேட்டால், பாம்பு, தேள், செங்குத்துப் பாறை என்று அடுக்குவார்கள். கணக்கில் எடுக்க வேண்டிய முதல் விஷயம் தண்ணீர். அது திடீரென்று வந்தாலும் ஆபத்து, கையில் தீர்ந்துபோனாலும் ஆபத்து. எப்படி என்று விரிவாகப் பார்க்கலாம்.

எந்த ரூட்? எவ்வளவு தூரம்?

பெரும்பாலானோர் லாஸ் வேகாஸில் தொடங்கி அங்கேயே முடிக்கிறார்கள். வழக்கமான சுற்றுப்பாதை இதுதான்:

* லாஸ் வேகாஸ் – சயான் தேசியப் பூங்கா: சுமார் 260 கி.மீ.
* சயான் – பிரைஸ் கேன்யன்: சுமார் 135 கி.மீ.
* பிரைஸ் கேன்யன் – கேபிடல் ரீஃப்: சுமார் 190 கி.மீ.
* கேபிடல் ரீஃப் – மோவாப் நகரம் (ஆர்ச்சஸ், கேன்யன்லேண்ட்ஸ் பூங்காக்கள் இங்கே): சுமார் 240 கி.மீ.
* மோவாப் – மானுமென்ட் வேலி: சுமார் 240 கி.மீ.
* மானுமென்ட் வேலி – பேஜ் (ஆன்டலோப் கேன்யன், ஹார்ஸ்ஷூ பெண்ட்): சுமார் 200 கி.மீ.
* பேஜ் – கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு: சுமார் 215 கி.மீ.
* கிராண்ட் கேன்யன் – லாஸ் வேகாஸ்: சுமார் 450 கி.மீ.

மொத்தம் ஏறத்தாழ 1,930 கி.மீ. பூங்காக்களுக்குள் சுற்றுவது இதில் சேராது. ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். ஆனால் காரிலேயே பாதி நாள் போய்விடும். 10 நாள் இருந்தால் நிதானமாகப் பார்க்கலாம்.

இந்தப் பள்ளத்தாக்குகள் எப்படி உருவானது?

உட்டா, அரிசோனா மாநிலங்கள் சந்திக்கும் இந்தப் பகுதியை கொலராடோ பீடபூமி என்கிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடலும், மணல்மேடுகளும், சதுப்பு நிலங்களும் மாறி மாறி இருந்தன. அப்போது படிந்த மணலும் சேறும் அடுக்கடுக்காகப் பாறையாக இறுகின. பிறகு இந்த நிலப்பகுதி முழுவதும் மேலே உயர, அதன் மீது ஓடிய ஆறுகள் பாறையை அறுத்துக்கொண்டு கீழே இறங்கின.

கிராண்ட் கேன்யனை கொலராடோ ஆறு கடந்த 50 முதல் 60 லட்சம் ஆண்டுகளில் செதுக்கியதாக விஞ்ஞானிகள் கணிக்கிறார்கள். நீளம் 446 கி.மீ. அதிகபட்ச அகலம் 29 கி.மீ. ஆழம் சுமார் 1.6 கி.மீ. அடியில் தெரியும் கரும்பாறைகளின் வயது ஏறத்தாழ 180 கோடி ஆண்டுகள். இந்தப் பாறைத் தொகுதிக்கு புவியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? 'விஷ்ணு'. நம்ம விஷ்ணுவேதான்!

பிரைஸ் கேன்யன் கதை கொஞ்சம் வேறு. பெயரில் கேன்யன் இருந்தாலும் அது ஆறு அறுத்த பள்ளத்தாக்கு இல்லை. பாறை இடுக்கில் புகும் தண்ணீர் இரவில் உறைந்து விரிவடைகிறது, பகலில் உருகுகிறது. ஆண்டில் ஏறக்குறைய பாதி நாட்கள் இது நடக்கிறது. இப்படி உடைந்து உடைந்து நிற்கும் தூண்களுக்கு 'ஹூடூ' என்று பெயர். ஆர்ச்சஸ் பூங்காவில் இருக்கும் 2,000-க்கும் மேற்பட்ட பாறை வளைவுகளை உருவாக்கியதிலும் தண்ணீருக்கும் பனிக்கும் பெரிய பங்கு உண்டு.

வெயில் அடிக்கும்போது வெள்ளம் வருவது எப்படி?

நம்மூரில் மழை பெய்தால் மண் கொஞ்சம் குடிக்கும், ஏரி, குளம் கொஞ்சம் பிடிக்கும். அங்கே நிலத்தின் பெரும்பகுதி வெறும் பாறை. மண் இருக்கும் இடத்திலும் அது வெயிலில் இறுகிக் கிடக்கும். செடி, கொடி குறைவு. பெய்த மழையில் பெரும்பங்கு அப்படியே வழிந்து ஓடிவிடும்.

பெரிய பரப்பில் விழுந்த அந்தத் தண்ணீர் சிறு சிறு ஓடைகளாகச் சேர்ந்து, கடைசியில் சில அடி அகலமே உள்ள பாறைப் பிளவுக்குள் நுழைகிறது. பக்கவாட்டில் பரவ இடமில்லை. அதனால் மட்டம் மளமளவென உயர்கிறது. கூடவே மரக்கட்டை, கல், சேறு எல்லாம் அடித்துக்கொண்டு வரும்.

மழை பெய்த இடம் 10, 20 கி.மீ. தள்ளிக்கூட இருக்கலாம். பிளவுக்குள் நிற்பவருக்கு தலைக்கு மேல் ஒரு கீற்று வானம்தான் தெரியும். அது நீலமாகவே இருக்கும். 'அதான் வெயில் அடிக்குதே, மழை எங்க வரப்போகுது' என்று நினைப்பது அதனால்தான் ஆபத்து.

ஜூன் பாதியில் இருந்து செப்டம்பர் முடிய அங்கே பருவமழைக் காலம். குறிப்பாக ஜூலை பாதிக்கு மேல், மதிய நேரத்தில் இடிமேகங்கள் திரளும். பள்ளி விடுமுறையில் குடும்பங்கள் சுற்றுலா வருவதும் இதே காலத்தில்தான்.

ஒரே நாளில் 20 உயிர்கள்... 2015-ல் என்ன நடந்தது?

2015 செப்டம்பர் 14. சயான் பூங்காவில் திடீர் வெள்ளத்துக்கு வாய்ப்பு இருப்பதாக அன்று எச்சரிக்கப்பட்டிருந்தது. கீஹோல் கேன்யன் என்ற குறுகிய பிளவில் கயிறு கட்டி இறங்க அனுமதி பெற்றிருந்த 7 பேர் கொண்ட குழு உள்ளே சென்றது. மாலையில் மழை கொட்டியது. 7 பேருமே உயிரிழந்தனர்.

அன்று பூங்காவின் முக்கிய ஆறான வர்ஜின் ஆற்றில் நீர்வரத்து வினாடிக்கு 55 கனஅடியாக இருந்தது. 15 நிமிடத்தில் அது 2,630 கனஅடியானது. மேட்டூர் அணை நீர்வரத்துச் செய்திகளைப் படித்துப் பழகியவர்களுக்கு இது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் அகலமான காவிரிப் படுகையில் ஓடும் தண்ணீர் வேறு, ஒடுங்கிய பாறைச் சந்துக்குள் 15 நிமிடத்தில் 48 மடங்கு பெருகும் தண்ணீர் வேறு.

அதே நாளில், பூங்காவுக்குத் தெற்கே ஹில்டேல் என்ற ஊரில், பெண்களும் குழந்தைகளும் இருந்த 2 வாகனங்களை வெள்ளம் அடித்துச் சென்றது. அங்கே 13 பேர் பலியானார்கள். ஆக, அந்தப் பகுதியில் ஒரே நாளில் 20 உயிர்கள்.

சயானில் 'நேரோஸ்' என்ற இடம் மிகப் பிரபலம். ஆற்றுக்குள்ளேயே, இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து போகும் பாதை அது. வர்ஜின் ஆற்றில் நீர்வரத்து 150 கனஅடியைத் தாண்டினாலோ, திடீர் வெள்ள எச்சரிக்கை வந்தாலோ இந்தப் பாதையை மூடிவிடுவார்கள். 'இவ்வளவு தூரம் வந்துட்டோமே' என்று அப்போது வாதாடிப் பயனில்லை.

2024 ஆகஸ்டில், கிராண்ட் கேன்யனை ஒட்டியுள்ள ஹவாசுபாய் பழங்குடியினர் நிலத்திலும் திடீர் வெள்ளம் வந்தது. நீலநிற அருவிகளைப் பார்க்கப் போயிருந்த 100-க்கும் மேற்பட்டோர் ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டனர். ஒருவர் உயிரிழந்தார்.

வெள்ளம் வருகிறது என்று எப்படித் தெரியும்?

* தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரெனக் கலங்கி, சேறாக மாறும்.
* குச்சி, சருகு, நுரை மிதந்து வரும்.
* ஓட்டம் வேகமெடுக்கும், மட்டம் ஏறும்.
* மேல்பக்கம் இருந்து ரயில் வருவதுபோல ஓர் இரைச்சல் கேட்கும்.

இதில் ஒன்று தெரிந்தாலும் பையை எடுக்க, செல்ஃபி எடுக்க நிற்கக் கூடாது. உடனே கைக்கு எட்டும் உயரமான இடத்துக்கு ஏறிவிட வேண்டும். வந்த வழியிலேயே ஓடி வெள்ளத்தை முந்திவிடலாம் என்று நினைப்பது தவறு.

காரில் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். அங்கே பல கிராமச் சாலைகள் காய்ந்த ஓடையைக் குறுக்கே கடந்து போகும். பாலம் இருக்காது. வேகமாக ஓடும் 15 செ.மீ. தண்ணீர் ஒரு பெரியவரையே கீழே தள்ளிவிடும். 30 செ.மீ. இருந்தால் சாதாரண காரை இழுத்துச் செல்லும். 60 செ.மீ. தண்ணீரில் எஸ்யூவியும் தாங்காது. பாலைவன வெள்ளம் வந்த வேகத்திலேயே பல இடங்களில் சில மணி நேரத்தில் வடிந்தும் விடும். காத்திருப்பதால் போவது கொஞ்சம் நேரம் மட்டும்தான்.

தண்ணீர் இல்லாமல் போனால்?

வெள்ளத்துக்கு நேர் எதிரான ஆபத்து இது.

மலை ஏறும்போது கஷ்டம் முதலில் வரும், திரும்பும்போது இறக்கம், சுலபம். கிராண்ட் கேன்யனில் எல்லாம் தலைகீழ். காலையில் குளிர்ந்த காற்றில், சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கிவிடலாம். களைத்துப்போய், தண்ணீர் தீர்ந்து, உச்சி வெயிலில்தான் ஏற வேண்டியிருக்கும். விளிம்பைவிட அடிவாரத்தில் வெப்பம் 11 டிகிரி செல்சியஸுக்கு மேல் கூடுதலாக இருக்கும். கோடையில் கீழே 43 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். அதனால்தான், ஒரே நாளில் ஆறு வரை இறங்கித் திரும்ப முயல வேண்டாம், காலை 10 முதல் மாலை 4 வரை பள்ளத்தாக்குப் பாதையில் நடக்க வேண்டாம் என்று பூங்கா நிர்வாகம் சொல்கிறது.

2024 ஜூலையில் கேன்யன்லேண்ட்ஸ் பூங்காவில் நடந்த சம்பவம் பலரை உலுக்கியது. நடைபயணம் சென்ற தந்தையும் மகளும் வழி தவறினர். கையில் இருந்த தண்ணீர் தீர்ந்தது. போனில் அவசர உதவிக்குத் தகவல் அனுப்பினர். மீட்புக் குழு தேடிக் கண்டுபிடித்தபோது இருவரும் உயிருடன் இல்லை. அன்று வெப்பம் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தது.

லாஸ் வேகாஸில் இருந்து மேற்கே சுமார் 2 மணி நேரத் தூரத்தில் டெத் வேலி இருக்கிறது. உலகின் அதிகபட்ச வெப்பநிலையாகப் பதிவில் உள்ள 56.7 டிகிரி செல்சியஸ், 1913 ஜூலை 10 அன்று இங்கேதான் பதிவானது. 2024 ஜூலையில் 53 டிகிரி வெயிலில் பைக்கில் வந்த ஒருவர் இங்கு உயிரிழந்தார். அப்போது மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை. காரணம், அந்த வெப்பத்தில் காற்று லேசாகிவிடும், ஹெலிகாப்டருக்குப் போதிய தூக்குவிசை கிடைக்காது. 'ஏதாவது ஆனா ஹெலிகாப்டர் வரும்' என்ற நம்பிக்கையும் அங்கே செல்லாது.

வேடிக்கை என்னவென்றால், அதே டெத் வேலியில் 2022 ஆகஸ்ட் 5 அன்று பெய்த மழையில் சாலைகள் அடித்துச் செல்லப்பட்டு, சுமார் 1,000 பேர் சிக்கிக்கொண்டனர். 2023 ஆகஸ்ட் 20 அன்று, ஓர் ஆண்டில் பெய்ய வேண்டிய மழை ஒரே நாளில் கொட்டியது. பூங்கா ஏறக்குறைய 2 மாதம் மூடப்பட்டது.

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 4 லிட்டர் தண்ணீர் காரில் இருக்க வேண்டும் என்பது அங்கே பொதுவான கணக்கு. தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பதும் தவறு. வியர்வையில் உப்பும் போவதால், உப்புள்ள தின்பண்டமும் கூடவே சாப்பிட வேண்டும். வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கம், வலிப்பு வரை போகலாம்.

கூகுள் மேப்பை நம்பலாமா?

நம்பலாம், ஆனால் முழுசாக இல்லை. பூங்காக்களுக்குள் பல இடங்களில் போன் சிக்னலே கிடைக்காது. மேப்பை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். 'குறுக்கு வழி' என்று மேப் காட்டும் மண் சாலையில் வாடகை காரை இறக்கவே கூடாது. 1996-ல் ஜெர்மனியைச் சேர்ந்த 4 பேர் கொண்ட குடும்பம் டெத் வேலியில் கரடுமுரடான பாதையில் வேனை ஓட்டிச் சென்று சிக்கிக்கொண்டது. வேன் சில மாதங்களில் கிடைத்தது. எலும்புகள் கிடைக்க 2009 வரை ஆனது.

பெட்ரோலும் அப்படித்தான். உட்டாவில் ஐ-70 நெடுஞ்சாலையில் சலைனாவுக்கும் கிரீன் ரிவருக்கும் இடையே சுமார் 170 கி.மீ. தூரத்துக்கு பங்க் கிடையாது. பாதி டேங்க் ஆனதுமே நிரப்பிவிடுவது நல்லது.

இன்னொரு குழப்பம், நேரம். கோடையில் உட்டா ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அரிசோனா கடிகாரத்தை மாற்றாது. ஆனால் அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ பழங்குடியினர் நிலம் மாற்றும்! பேஜ் ஊரில் போன் எந்த டவரைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். ஆன்டலோப் கேன்யன் டூர்கள் அரிசோனா நேரப்படி நடக்கின்றன. புக்கிங் நேரத்தைக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

டிக்கெட் எவ்வளவு? 2026-ல் என்ன மாற்றம்?

நம்மூரில் இருந்து போகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்க தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டவர்களுக்குத் தனிக் கட்டணம் அமலுக்கு வந்தது. அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு ஆண்டு பாஸ் 80 டாலர். வெளிநாட்டவர்களுக்கு 250 டாலர், அதாவது ரூ.20 ஆயிரத்துக்கு மேல்.

ஆண்டு பாஸ் இல்லாத வெளிநாட்டவர்கள், கூட்டம் அதிகம் வரும் 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துடன் ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது இல்லை. நமது ரூட்டில் உள்ள கிராண்ட் கேன்யன், சயான், பிரைஸ் கேன்யன் ஆகிய மூன்றுமே அந்தப் பட்டியலில் உண்டு. விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா, அம்மாவை அழைத்துப் போகும் பிள்ளைகள், எது லாபம் என்று முன்பே கணக்குப் போட்டுக்கொள்வது நல்லது.

சயானில் 'ஏஞ்சல்ஸ் லேண்டிங்' பாறை உச்சிக்கு ஏற 2022 ஏப்ரல் முதல் குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டு தேவை. அங்கே ஆண்டின் பெரும்பகுதி, முக்கியப் பள்ளத்தாக்குச் சாலையில் சொந்த காருக்கு அனுமதி இல்லை. பூங்காவின் இலவச ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும்.

யாருடைய நிலம்?

ஆன்டலோப் கேன்யனும் மானுமென்ட் வேலியும் தேசியப் பூங்காக்கள் இல்லை. இரண்டும் நவஹோ மக்களின் நிலம். அமெரிக்க அரசின் பாஸ் இங்கே செல்லாது, கட்டணம் தனி. ஆன்டலோப்பில் அனுமதி பெற்ற வழிகாட்டி இல்லாமல் உள்ளே போக முடியாது. 1997 விபத்துக்குப் பிறகு அங்கே பாறையில் பொருத்தப்பட்ட இரும்பு ஏணிகள், வானிலைக் கண்காணிப்பு எல்லாம் வந்தன. வெள்ள அபாயம் இருந்தால் டூரை ரத்து செய்துவிடுவார்கள்.

கிராண்ட் கேன்யனுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. 1919-ல் அது தேசியப் பூங்காவானது. அங்கே பல தலைமுறைகளாக வாழ்ந்த ஹவாசுபாய் மக்கள் ஒரு சிறு பகுதிக்குள் ஒடுக்கப்பட்டனர். நீண்ட போராட்டத்துக்குப் பிறகு 1975-ல்தான் சுமார் 1.85 லட்சம் ஏக்கர் நிலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது.

எப்போது போகலாம்?

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் கடைசியில் இருந்து அக்டோபர் வரையும் நல்ல காலம். வெயில் குறைவு, பருவமழை அபாயமும் குறைவு. குளிர்காலத்தில் கூட்டம் இருக்காது. ஆனால் கடல் மட்டத்தில் இருந்து 2,400 மீட்டருக்கு மேல் உள்ள பிரைஸ் கேன்யனில் பனி கொட்டும். கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு ஆண்டு முழுக்கத் திறந்திருக்கும். வடக்கு விளிம்பு குளிர்காலத்தில் மூடப்படும். 2025 ஜூலையில் ஏற்பட்ட காட்டுத்தீயில் வடக்கு விளிம்பில் இருந்த பழமையான தங்கும் விடுதியும் எரிந்துபோனது. எனவே அங்கே போக நினைப்பவர்கள் என்ன திறந்திருக்கிறது என்று பார்த்துவிட்டே கிளம்ப வேண்டும்.

கிளம்பும் முன் செக் லிஸ்ட்

* தினமும் காலையில் பூங்கா இணையதளத்தில் திடீர் வெள்ள வாய்ப்பு, வானிலை எச்சரிக்கை பாருங்கள். உங்கள் தலைக்கு மேல் மட்டும் இல்லாமல், ஆறு வரும் மேல்பகுதிக்கும் சேர்த்துப் பாருங்கள்.
* பார்வையாளர் மையத்தில் இருக்கும் ரேஞ்சரிடம் 'இன்று இந்தப் பாதையில் போகலாமா?' என்று கேளுங்கள். இது இலவசம்.
* எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.
* தண்ணீர், உப்புள்ள தின்பண்டம், தொப்பி, டார்ச், ஆஃப்லைன் மேப் கட்டாயம்.
* கையில் உள்ள தண்ணீரில் பாதி தீரும் முன்பே திரும்பிவிடுங்கள். கிராண்ட் கேன்யனில் இன்னும் சீக்கிரம், மூன்றில் ஒரு பங்கு தீர்ந்ததுமே திரும்புங்கள். ஏறுவதற்கு இறங்கியதைப்போல இரு மடங்கு நேரம் ஆகும்.
* வண்டி பழுதானால் வண்டியை விட்டு நடக்க வேண்டாம். தேடுபவர்களுக்கு ஆளைவிட வண்டிதான் சீக்கிரம் கண்ணில் படும்.
* சாலையில் தண்ணீர் ஓடினால் காரைத் திருப்புங்கள்.

போட்டோவில் பார்த்த இடத்துக்கு உள்ளே போக முடியாமல் திரும்ப நேர்ந்தால் மனசு கேட்காதுதான். ஆனால் 60 லட்சம் ஆண்டுகளாக அங்கேயே இருக்கும் பள்ளத்தாக்கு, அடுத்த முறை போகும்போதும் இருக்கும். ரேஞ்சர் 'இன்று வேண்டாம்' என்றால், வேண்டாம்.